ஓடு சுமந்த பெருவிலங்கு: கிளிப்டோடான் புதைபடிவங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் நூலகங்களிலும் அழிந்துபோன விலங்குகளைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் ஒரு சின்ன அச்சுவார்ப்பை எடுத்துப்போவேன். கிளிப்டோடான் ஓட்டின் ஒரேயொரு சில்லின் நகல் அது. வரிசையாகக் கைமாறி வரும், கூடவே கேள்விகளும் வரும். பத்து வயதுப் பிள்ளை கேட்பதையும் தாத்தா ஒருவர் கேட்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே சந்தேகமாகத்தான் இருக்கும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பாதி கேள்விகளுக்கு விடை அந்தச் சில்லிலேயே இருக்கிறது என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

கிளிப்டோடான்னா என்ன? ஒரு வரியில சொல்லுங்க.

தென் அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்த, உடல் முழுக்க எலும்பு ஓடு போர்த்திய, புல் பூண்டு தின்ற பெரிய பாலூட்டி. இன்றைக்கும் அங்கே வாழும், ஓடு போர்த்திய சிறு பாலூட்டிகளான ஆர்மடில்லோக்களின் நெருங்கிய சொந்தம்.

பெயர் விஷயத்தில் ஒரு சின்ன விளக்கம். கிளிப்டோடான் என்பது ஒரு பேரினம் (நெருங்கிய சில இனங்கள் சேர்ந்த தொகுதி) மட்டுமே. டோடிகுரஸ், பனோக்தஸ், நியோஸ்கிளிரோகாலிப்டஸ், கிளிப்டோதீரியம் என்று அதற்கு உறவான பேரினங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து கிளிப்டோடான்ட்கள் என்பார்கள். கீழே இரண்டு சொல்லும் வரும்.

ஓடு இருக்கே, அப்ப இது ஆமை வகைதானே?

இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஆமை போலத் தெரிவது உண்மைதான். ஆனால் ஆமையின் ஓட்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தால் முதுகெலும்பும் விலா எலும்பும் ஓட்டோடு ஓடாக ஒட்டியிருக்கும். அதன் விலா எலும்புகளே அகன்று விரிந்து ஓடாகிவிட்டன. அதனால்தான் ஆமையை ஓட்டிலிருந்து உயிரோடு பிரிக்க முடியாது.

கிளிப்டோடானின் ஓடு தோலுக்குள் வளர்ந்த எலும்பு. அதன் விலா எலும்புகள் ஓட்டுக்கு அடியில் தனியாக இருக்கின்றன. இதனால் ஓடு ஓரிடத்திலும் எலும்புக்கூடு வேறிடத்திலும் கிடைப்பது வழக்கம். அந்த வழக்கம் ஒரு பெரிய குழப்பத்துக்கே காரணமானது. அதைக் கண்டுபிடிப்புக் கதையில் சொல்கிறேன்.

டைனோசர் படத்துல வாலுல குண்டு வெச்ச ஒண்ணு வருமே, அதுவா?

நீங்கள் சொல்வது அங்கைலோசாரஸ். அது ஊர்வன வகை, அதன் காலம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்துவிட்டது. கிளிப்டோடான்ட்களில் மிகப் பெரியவை வாழ்ந்தது கடந்த சில லட்சம் ஆண்டுகளில். நடுவில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளி.

அப்புறம் ஏன் இரண்டும் ஒரே மாதிரி? மெதுவாக நடக்கும் தாவர உண்ணிக்குத் தற்காப்பு வேண்டும். முதுகில் கவசம், வாலில் ஆயுதம் என்ற தீர்வை இரண்டு குலங்களும் தனித்தனியாக எட்டியிருக்கின்றன. இதைக் குவி பரிணாமம் என்கிறோம். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், அழுங்கு பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

கார் அளவுன்னு போடுறாங்களே, நிஜமாவா?

நிஜம்தான், சின்னக் காரை நினைத்துக்கொண்டால். டோடிகுரஸ் மூக்கிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய 3.6 மீட்டர் நீளம், முதுகு உயரம் சுமார் 1.5 மீட்டர், எடை ஒரு டன்னுக்கு மேல். எல்லா கிளிப்டோடான்ட்களும் இவ்வளவு பெரியவை அல்ல. ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியான படகோனியாவில் வாழ்ந்த புரோபாலியோஹோப்லோபோரஸ் நூறு கிலோவைத் தொடாதது. பேருருவங்கள் எல்லாம் பிற்காலத்து வளர்ச்சி.

இன்றைக்கு இருக்கும் ஆர்மடில்லோக்களில் மிகப் பெரியது அமேசான் பக்கத்து இராட்சத ஆர்மடில்லோ. அதுவே பெரும்பாலும் 30 கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

அந்த ஓடு ஒரே துண்டா, இல்ல ஒட்டினதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரே துண்டு கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புச் சில்லுகள் பக்கத்தில் பக்கத்தில் பூட்டிக்கொண்டு உண்டானது அது. ஆங்கிலப் பெயரையே எடுத்து ஆஸ்டியோடெர்ம் என்றும் எழுதுவார்கள். அதற்கு ‘தோல் எலும்பு’ என்று பொருள். நான் சில்லு என்றே சொல்கிறேன்.

ஒரு சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் தடிமனான அதிரசம் போல உள்ளங்கையில் உட்காரும். கனம் சுமார் 2.5 சென்டிமீட்டர். மேல்பக்கத்தில் நடுவே ஒரு வட்டம், அதைச் சுற்றி இதழ் இதழாகச் சின்னப் பகுதிகள், இடையிடையே ஓடும் பள்ளக் கோடுகள். பார்த்தவர்கள் பலரும் முதலில் சொல்வது “பூக்கோலம் மாதிரி இருக்கு” என்பதுதான். பள்ளக் கோடுகள் சந்திக்கும் இடங்களை விரல் நுனியால் தடவினால் குண்டூசி குத்தியது போலச் சில குழிகள் தட்டுப்படும். முடி முளைத்த இடங்கள் அவை. ஆமையிடம் இதைக் காட்டவே முடியாது. பாலூட்டி என்ற அடையாளம் அந்த ஒரு சில்லிலேயே பொறித்திருக்கிறது.

சில்லைப் பக்கவாட்டில் திருப்பினால் விளிம்பு ரம்பம் போல இருக்கும். ஒரு சில்லின் பல், அடுத்ததன் பள்ளத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். குட்டிகளிடம் இந்தப் பூட்டு தளர்வாகவும் சில்லு மெல்லியதாகவும் இருக்கும், வளர வளர இறுகும். உடைந்த சில்லின் குறுக்குவெட்டைப் பார்த்தால் மேலும் கீழும் கெட்டி எலும்பு, நடுவில் ரொட்டி போலத் துளைத் துளையான எலும்பு. அடி வாங்கவும் வேண்டும், எடையும் குறையவேண்டும். அதற்கு இதைவிட நல்ல அமைப்பு இருக்க முடியாது.

பூக்கோலம் எல்லாருக்கும் பொது அல்ல. பனோக்தஸின் முதுகுச் சில்லுகளில் பூ இல்லை, புள்ளி புள்ளியாகச் சின்ன மேடுகள்தான். டோடிகுரஸின் சில்லுகள் வழவழப்பாகவும் பெரிய துளைகளோடும் இருக்கும். அதனால்தான் பழகிய கண்ணுக்கு ஒரு சில்லே போதும், எந்தப் பேரினம் என்று சொல்லிவிடலாம்.

ஆபத்து வந்தா உருண்டையா சுருண்டுக்குமா?

முடியாது. ஆர்மடில்லோவின் ஓட்டில் நடுவே மடியக்கூடிய பட்டைகள் உண்டு. அவற்றாலேயே அது வளைந்து நெளிந்து ஓடுகிறது. இருபதுக்கும் மேற்பட்ட ஆர்மடில்லோ இனங்களில் முழு உருண்டையாகச் சுருளக்கூடியவை மூன்று பட்டை ஆர்மடில்லோக்கள் இரண்டே இனங்கள்தான்.

வளர்ந்த கிளிப்டோடானின் ஓட்டில் அப்படி மடிப்பு ஏதும் கிடையாது, கவிழ்த்த பாத்திரம் போல விறைப்பானது. உள்ளே முதுகெலும்புகளும் ஒன்றோடொன்று இணைந்து குழாய் போல ஆகிவிட்டன. தலைக்கு மேல் தனியாக ஒரு எலும்புத் தொப்பி. கால்களை மடக்கி ஓட்டின் விளிம்பைத் தரையோடு தாழ்த்தி, தலையை முடிந்தவரை இழுத்துக்கொண்டால் எதிரிக்குக் கடிக்க இடம் கிடைக்காது. அதுதான் அதன் பாதுகாப்பு.

இது எங்கெல்லாம் கிடைக்குது? நம்ம ஊர்ல தோண்டினா கிடைக்குமா?

கிடைக்காது. ஆர்மடில்லோ, சோம்பேறிக் கரடி எனச் சிலர் தவறாகச் சொல்லும், மரத்தில் தொங்கி வாழும் ஸ்லாத், எறும்புண்ணி (நம் ஊர் அழுங்கு அல்ல) ஆகிய மூன்றும் சேர்ந்த பெருங்குலம் தென் அமெரிக்காவில் தோன்றி அங்கேயே வளர்ந்தது. அந்தக் கண்டம் நெடுங்காலம் தனித்தீவாகக் கிடந்தது. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலப்பாலம் முழுமையானபோது விலங்குகள் இரு பக்கமும் கடந்தன. கிளிப்டோதீரியம் அப்படி வடக்கே போனது. டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா மாநிலங்களில் அதன் எச்சங்கள் உண்டு. அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் இல்லை.

மிக அதிகமாகக் கிடைப்பது அர்ஜென்டினாவின் பம்பா சமவெளியிலும் உருகுவேயிலும் தெற்கு பிரேசிலிலும். பம்பாவின் மண் காற்று கொண்டுவந்து படியவைத்த மென்மையான வண்டல். அதில் மூடியது நன்றாக நிலைக்கிறது. ஓடைக்கரை அரிக்கும்போதும் வறட்சியில் ஆறு வற்றும்போதும் ஓடு வெளியே தலைகாட்டுகிறது. 2020 பிப்ரவரியில் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில் மாடு பார்க்கப் போன ஒருவர், வறண்டுபோன வாயிமாங்கா ஓடைப் படுகையில் இரண்டு ஓடுகளைக் கண்டு தகவல் சொன்னார். ஆய்வாளர்கள் வந்து தோண்டியதில் நான்கு இருந்தன. இரண்டு வளர்ந்தவை, இரண்டு இளசு.

நம்ம காட்டுல இருக்கிற அழுங்கு இதுக்குச் சொந்தமா?

தமிழ்நாட்டில் மட்டும் கேட்கப்படும் கேள்வி இது, நல்ல கேள்வியும்கூட. உடம்பெல்லாம் செதில், ஆபத்து வந்தால் சுருண்டுகொள்வது, எறும்பு கறையான் தின்பது என்று ஆர்மடில்லோவுக்கும் அழுங்குக்கும் பல ஒற்றுமை உண்டு. ஆனால் உறவு இல்லை. மரபணு ஆய்வுகளின்படி அழுங்குக்கு நெருங்கிய சொந்தம் பூனையும் நாயும் சேர்ந்த ஊனுண்ணிக் குலம்.

செதிலைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். அழுங்கின் செதில் நம் நகத்தைப் போன்ற கெரட்டின், அதில் எலும்பு கிடையாது. அதனால் இறந்தபின் மண்ணில் எளிதில் மக்கிவிடும். கிளிப்டோடான் சில்லு எலும்பு என்பதால் பல்லாயிரம் ஆண்டு தாங்குகிறது. அங்கைலோசாரஸ் பற்றிச் சொன்ன அதே குவி பரிணாமம்தான் இங்கும்.

இவ்ளோ பெரிய உடம்புக்கு என்ன சாப்பிட்டுச்சு?

செடி கொடி புல். வாயில் முன்பற்களும் கோரைப்பற்களும் கிடையாது. ஒவ்வொரு தாடைப் பக்கத்திலும் எட்டு என மொத்தம் 32 கடைவாய்ப் பற்கள். ஒவ்வொன்றும் மூன்று மடலாகப் பிரிந்து, பக்கவாட்டில் ஆழமான பள்ளங்களோடு இருக்கும். பல்லின் மேல் எனாமல் இல்லை. மண்ணும் மணலும் ஒட்டிய புல்லை அரைத்தால் பல் தேயும். அதற்கு ஈடுகட்ட வாழ்நாள் முழுவதும் பல் வளர்ந்துகொண்டே இருந்தது.

தாடை மிக ஆழமானது. கன்ன எலும்பிலிருந்து கீழ்நோக்கி நீண்ட ஒரு எலும்புத் தட்டு தொங்கும். மெல்லும் தசை ஒட்டிக்கொள்ள அது இடம். ஆட்டுக்கல் போல நாள் முழுக்க அரைத்துக்கொண்டே இருந்த வாய் இது.

கிளிப்டோடான்னு பேர் வெச்சதுக்குக் காரணம் ஓடுதானே?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். பெயர் வந்தது பல்லிலிருந்து. கிரேக்கத்தில் ‘செதுக்கிய பல்’ என்று பொருள். மேலே சொன்ன அந்த ஆழமான பள்ளங்களைப் பார்த்து 1839-ல் ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் வைத்தார். ஓடு யாருடையது என்பதிலேயே சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பல்லைப் பிடித்துக்கொண்டது பாதுகாப்பானது.

டார்வின்தான் கண்டுபிடிச்சாரா?

இல்லை. அவருக்கு முன்பே பலர் பார்த்திருக்கிறார்கள். தாமஸ் பாக்னர் என்ற ஆங்கிலேய ஜெசுயிட் பாதிரியார் இன்றைய அர்ஜென்டினாவில் நெடுங்காலம் இருந்தவர். 1774-ல் வெளியான படகோனியா பற்றிய நூலில், கர்கரன்யா ஆற்றங்கரையில் தான் கண்ட ஓட்டை விவரிக்கிறார். அறுகோண எலும்புத் துண்டுகளால் ஆனது, கிட்டத்தட்ட மூன்று கஜம் அகலம், அளவைத் தவிர எல்லாவிதத்திலும் ஆர்மடில்லோ ஓட்டின் மேல்பகுதி போலவே இருக்கிறது என்று எழுதினார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். புதைபடிவ இயல் என்ற துறையே உருவாகாத காலத்தில், ஊரில் ஓடித் திரியும் பிராணியைப் பார்த்துப் பழகிய கண் சரியாகச் சொல்லிவிட்டது.

பின்னால் வந்த பெரிய அறிஞர்கள்தான் தடுமாறினார்கள். உருகுவேயைச் சேர்ந்த பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான தாமசோ லாரன்யாகா, அங்கே கிடைத்த ஓட்டைப் பற்றிக் குறிப்பு எழுதி அனுப்பினார். மெகாதீரியம் என்ற பெரும் நில ஸ்லாத்தின் எலும்புகள் அதே மண்ணில் ஏராளமாகக் கிடைத்ததால் ஓடும் அதனுடையதே என்ற கருத்து பரவியது. பிரான்சின் புகழ்பெற்ற விலங்கியலாளர் குவியரே தன் நூலில் அந்தக் குறிப்பைச் சேர்த்ததால் அதற்குக் கனம் கூடியது. ஓடும் எலும்புக்கூடும் பிரிந்து கிடைப்பது வழக்கம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதன் விளைவுதான் இது. ஓடு போர்த்திய மெகாதீரியம் என்ற, உலகில் ஒருபோதும் இல்லாத விலங்கு சில ஆண்டுகள் புத்தகங்களில் வாழ்ந்தது.

டார்வின் 1832-ல் பாயா பிளாங்கா பக்கத்தில் புன்டா அல்டாவில் ஓட்டுத் துண்டுகளை எடுத்தபோது அவருக்கும் தெரிந்திருந்தது இந்தக் கருத்துதான். புவெனஸ் அயர்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த உட்பைன் பாரிஷ் லண்டனுக்கு அனுப்பிய எச்சங்களையும் சேர்த்துப் பார்த்து ஓவன் முடிச்சை அவிழ்த்தார். ஸ்லாத் வேறு, ஓடுள்ளது வேறு.

டார்வினின் பங்கு வேறு விதமானது. பம்பாவில் அவர் குதிரை வீரர்களோடு ஆர்மடில்லோவைச் சமைத்துத் தின்றார், ஓட்டை நீக்கிச் சமைத்தால் வாத்து போல இருக்கிறது என்று நாட்குறிப்பிலும் எழுதினார். தட்டில் இருப்பதும் மண்ணில் கிடப்பதும் ஒரே சாயலில் இருக்கின்றன. அழிந்த பெரியதும் வாழும் சிறியதும் ஏன் ஒரே கண்டத்தில் இருக்கவேண்டும்? பின்னாளில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூலில் அந்த லா பிளாட்டா பகுதியின் பெரிய ஓட்டுத் துண்டுகள் சான்றாக வந்தன.

வாலுல இருக்கிற குண்டாந்தடியால யாரை அடிச்சுது?

முதலில் ஒன்று. எல்லா கிளிப்டோடான்ட்களுக்கும் குண்டாந்தடி கிடையாது. கிளிப்டோடானின் வாலில் கூம்புச் சில்லுகள் பதித்த வளையங்கள் மட்டும்தான். தடி இருந்தது டோடிகுரஸ், பனோக்தஸ் போன்றவற்றுக்கு. டோடிகுரஸ் என்ற பெயருக்கே ‘உலக்கை வால்’ என்று பொருள். வாலின் கடைசிப் பகுதி முழுக்க இறுகி ஒரே எலும்புக் குழாயாகி, நுனி பருத்திருக்கும். நுனியில் தட்டையான குழிகள் தெரியும். கொம்புப் பொருளாலான முட்கள் அங்கே பொருந்தியிருந்தன என்பது கணிப்பு.

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மட்டையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பந்து பட்டால் கைக்கு அதிர்ச்சியே வராது, அடியும் முழுதாகப் போகும். தள்ளிப் பட்டால் மணிக்கட்டு வலிக்கும். உருகுவே ஆய்வாளர்கள் 2009-ல் கிளிப்டோடான்ட் வால்களில் அந்த இடம் எங்கே வரும் என்று கணக்கிட்டார்கள். பெரிய இனங்களில் அது முட்கள் பொருந்திய இடத்திலேயே வந்தது.

வேகமாகப் பாயும் எதிரியை அந்த ஒரு புள்ளியில் அடிப்பது கடினம். அசையாமல் எதிரே நிற்பவரை அடிக்கலாம். ஆகவே தங்களுக்குள் நடந்த சண்டைக்கே இது அதிகம் பயன்பட்டிருக்கும் என்ற கருத்து வலுவானது. உடைந்து ஆறிய தழும்புள்ள ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அப்படி ஒரு ஓட்டை உடைக்கும் ஆற்றல் வால் வீச்சுக்கு உண்டு என்று 1999-ல் வந்த ஒரு கணக்கு காட்டியது. எனக்கும் இந்த விளக்கமே சரியாகப் படுகிறது.

ஆர்மடில்லோ சொந்தம்னு எப்படி உறுதியா சொல்றீங்க? உருவம் ஏமாத்தலாம்னு நீங்களே சொன்னீங்க.

சரியான இடத்தில் பிடித்தீர்கள். குவி பரிணாமம் கண்ணை ஏமாற்றும், அதனால் டி.என்.ஏ. தேவைப்பட்டது. 2016-ல் பிரான்சு, கனடா ஆய்வாளர்கள் அர்ஜென்டினாவில் கிடைத்த சுமார் 12,000 ஆண்டு பழைய டோடிகுரஸ் ஓட்டுத் துண்டிலிருந்து, செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைப் பிரித்தார்கள்.

அதில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. பழைய எலும்பில் விலங்கின் டி.என்.ஏ. துணுக்குத் துணுக்காகச் சிதைந்து, மண்ணில் உள்ள பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வோடு கலந்து கிடக்கும். வேண்டியதை மட்டும் இழுக்க அதைப் போன்றதொரு தூண்டில் தேவை. ஆனால் அழிந்த விலங்கின் டி.என்.ஏ. எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இன்று வாழும் ஆர்மடில்லோ, ஸ்லாத், எறும்புண்ணி ஆகியவற்றின் வரிசைகளை ஒப்பிட்டு, அவற்றின் முன்னோருக்கு என்ன வரிசை இருந்திருக்கும் என்று கணினியில் ஊகித்து, அதைத் தூண்டிலாகச் செய்தார்கள். மீன் மாட்டியது.

விடை எல்லாரும் எதிர்பார்த்ததைவிட நெருக்கமானது. கிளிப்டோடான்ட்கள் ஆர்மடில்லோக்களின் பங்காளிகள் மட்டுமல்ல, ஆர்மடில்லோக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு கிளை. சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கிளை. அதன் நெருங்கிய உறவுகளில் ஒன்று அர்ஜென்டினாவின் இளஞ்சிவப்புக் குட்டி ஆர்மடில்லோ. மணலுக்குள் வாழும் அது ஒரு கைக்குள் அடங்கும், எடை நூறு கிராமை ஒட்டியது. ஒரு டன் டோடிகுரஸுக்கும் இதற்கும் உள்ள உறவு, ஒன்பது பட்டை ஆர்மடில்லோவுக்கும் இதற்கும் உள்ளதைவிட நெருக்கம்.

ஆதிமனிதர்கள் அந்த ஓட்டுக்குள்ள குடித்தனம் பண்ணாங்கன்னு படிச்சேன், உண்மையா?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அர்ஜென்டினாவின் புளோரென்டினோ அமெகினோ சொன்ன கருத்து இது. ஓட்டின் அருகே மனிதர் புழங்கிய தடயங்களைக் கண்டதாகச் சொல்லி, மரமும் குகையும் இல்லாத பம்பாவில் ஓட்டைக் கவிழ்த்து அடியில் தங்கியிருப்பார்கள் என்று எழுதினார். அமெகினோ அந்த நாட்டுப் புதைபடிவ இயலுக்கு அடித்தளம் போட்டவர், அவருடைய உழைப்பைக் குறைத்துப் பேச முடியாது. ஆனாலும் இந்தக் கருத்து நிலைக்கவில்லை. இணையத்தில் சுற்றும் ஓவியங்களைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்ப மனுஷங்க இதைப் பார்க்கவே இல்லையா?

பார்த்தார்கள், வெட்டியும் தின்றார்கள். அர்ஜென்டினாவின் லா மொடெர்னா என்ற இடத்தில் டோடிகுரஸ் எலும்புகளோடு கல் ஆயுதங்கள் கிடைத்தன. வெனிசுவேலாவில் கிடைத்த கிளிப்டோதீரியம் மண்டையோடுகள் சிலவற்றில் நெற்றிப் பகுதி ஒரே மாதிரி உடைந்திருப்பதை 2022-ல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். தலைத் தொப்பிக்குக் கீழே எலும்பு மெல்லிய இடம் பார்த்து அடித்திருக்கிறார்கள் என்பது அவர்கள் விளக்கம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2024-ல் வெளியான ஆய்வு. புவெனஸ் அயர்ஸ் நகரை ஒட்டிய மெர்லோவில், ரெகோன்கிஸ்தா ஆற்றங்கரையில் கிடைத்த நியோஸ்கிளிரோகாலிப்டஸ் ஒன்றின் இடுப்பு, வால், ஓட்டுப் பகுதிகளில் 32 வெட்டுத் தடங்கள். கல் கத்தியால் சதையைப் பிரித்த தடங்கள் எனக் குறுக்குவெட்டு வடிவத்தை அளந்து காட்டினார்கள். வயது சுமார் 21,000 ஆண்டு. தென் அமெரிக்காவின் தெற்கு மூலையில் மனிதர் வந்தது அதற்கு வெகு பின்னால் என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன.

பிரேசில்ல பாறைக்குள்ள பெரிய சுரங்கம் இருக்காமே, அதைத் தோண்டினது இதுதானா?

தெற்கு பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் அழிந்த விலங்குகள் தோண்டிய சுரங்கங்கள் உண்டு, சுவரில் நகக் கீறல் இன்றும் தெரியும். பெரியவை நில ஸ்லாத்களுக்கும் சிறியவை பெரிய ஆர்மடில்லோக்களுக்கும் உரியவை என்கிறார்கள். கிளிப்டோடான்ட்களைச் சொல்வதில்லை. விறைத்த ஓடும் இணைந்த முதுகெலும்பும் உள்ள உடம்பு சுரங்கத்தில் திரும்பவோ நெளியவோ முடியாது.

இங்கே இன்னொரு பெயர்க் குழப்பமும் வரும். பம்பாதீரியம், ஹோம்சினா ஆகியவையும் ஓடுள்ள பெரிய அழிந்த விலங்குகள். அவற்றின் ஓட்டில் மடியும் பட்டைகள் மூன்று உண்டு, சில்லில் பூக்கோலம் இல்லை. அவை வேறு கிளை.

இவ்வளவு கவசம் இருந்தும் ஏன் அழிஞ்சது?

கவசம் புலியைத் தடுக்கும், பருவநிலையைத் தடுக்காது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது வெப்பமும் மழையும் மாறின, புல்வெளிகள் மாறின. அதே காலத்தில் கல் ஆயுதத்தோடு மனிதர்கள் பரவினார்கள். தென் அமெரிக்காவில் 50-க்கும் மேற்பட்ட பெரிய பாலூட்டிப் பேரினங்கள் அப்போது மறைந்தன. மெகாதீரியமும் வாள்பல் பூனையும் அதே வரிசையில் போயின.

மனிதரா பருவநிலையா என்று ஒரே ஒரு குற்றவாளியைக் கேட்பவர்களுக்கு நான் மெர்லோவை நினைவூட்டுவேன். வெட்டுத் தடம் 21,000 ஆண்டு பழையது, டி.என்.ஏ. எடுத்த டோடிகுரஸ் 12,000 ஆண்டு பழையது. மனிதரும் இந்த விலங்குகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தே இருந்திருக்கிறார்கள். மெதுவாகப் பெருகும் பெரிய விலங்குக்கு, நிலமும் சுருங்கி வேட்டையும் சேர்ந்தால் சில குட்டிகள் குறைவதே போதும். இரண்டும் சேர்ந்த அழுத்தம் என்பதே என் கருத்து.

டி.என்.ஏ. கிடைச்சிருக்கே, திரும்ப உருவாக்க முடியாதா?

கிடைத்தது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. மட்டும். உடலை உருவாக்கும் முழு மரபணுத் தொகுப்போடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய துணுக்கு. முழுதும் கிடைத்தாலும் சுமக்கத் தாய் வேண்டுமே. மேலே சொன்ன 30 கிலோ இராட்சத ஆர்மடில்லோதான் இருப்பதில் பெரியது, அதுவே அழிவை நோக்கிப் போகிறது. இருப்பதைக் காப்பாற்றுவதற்கே என் வாக்கு.

இணையத்துல கிளிப்டோடான் சில்லு விக்கிறாங்க. ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமா?

அர்ஜென்டினாவிலிருந்து வந்தது என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். 2003-ல் வந்த 25,743 எண் சட்டப்படி அங்கே புதைபடிவங்கள் அரசின் உடைமை. தன் வயலில் கிடைத்தாலும் நிலத்துக்காரர் விற்க முடியாது, தகவல் சொல்லவேண்டும். பிரேசிலில் 1942 முதலே இதே நிலைதான். அமெரிக்காவில் தனியார் நிலத்தில் எடுத்ததை விற்கலாம், ஆனால் புளோரிடாவில் அரசு நிலத்திலும் ஆற்றுப் படுகையிலும் முதுகெலும்பிகளின் எச்சத்தை எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இடம். மெர்லோ எலும்பை மண்ணிலிருந்து பிடுங்கி யாராவது விற்றிருந்தால் எந்த அடுக்கில் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் போயிருக்கும். வெட்டுத் தடம் இருந்தும் 21,000 என்ற எண்ணை உறுதியாகச் சொல்ல முடிந்திருக்காது. முறையாக எடுப்பவர்கள் முதலில் கிடக்கும் திசையையும் ஆழத்தையும் குறிப்பார்கள், பசை ஏற்றிச் சில்லுகளை இறுக்குவார்கள், பிளாஸ்டர் தோய்த்த சாக்குத் துணியால் சுற்றுமண்ணோடு கட்டித் தூக்குவார்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் ஓடு விரிசல் விட்டுச் சில்லு சில்லாக உதிர்ந்துவிடும்.

கையில் வைத்துப் பார்க்க ஆசையென்றால் அச்சுவார்ப்பு வாங்குங்கள். நான் எடுத்துவருவதும் அதுதான். பள்ளக் கோடும் ரம்ப விளிம்பும் முடி முளைத்த குழிகளும் அதில் அப்படியே இருக்கும். அர்ஜென்டினா பக்கம் போக வாய்ப்பிருந்தால் லா பிளாட்டா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே முழு ஓடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு ஓட்டின் பக்கத்தில் குனிந்து விளிம்புச் சில்லுகளைப் பாருங்கள், முதுகில் தட்டையாக இருப்பவை ஓரத்துக்கு வர வரக் கூம்பாகி முள்ளாக நீள்வது தெரியும்.